முந்நூற்று அறுபத்து மூன்றாம் நாள்

சுந்தரம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி, நீலாவதியின் மூச்சுக்காக வாங்கியது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் கேட்டு முடித்த பிறகு யாராவது வந்து, ஐயோ பாவம், அந்த மனுஷர் வஞ்சகமே தெரியாதவர், பெண்டாட்டியை ஒரு வார்த்தை அதட்டிப் பேசாதவர் என்று பரிந்துகொண்டு நிற்பார்கள். எல்லாம் சரிதான். வஞ்சகம் தெரியாதவர்தான். ஆனால் பேட்டரி நீலாவதியுடையது.

பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடியில், ஒன்றரை அறையில், அவர்கள் இருவரும் குடியிருந்தார்கள். சுந்தரத்துக்குச் சொந்த ஊர் சாத்தூர். எண்பத்திரண்டில் மத்திய அரசுத் தேர்வு எழுதி, அலிப்பூரில் ஓர் அலுவலகத்துக்குக் குமாஸ்தாவாக வந்து சேர்ந்தார். மூன்றே வருடம், அப்புறம் மதுரைக்கு மாற்றல் வாங்கிவிடலாம் என்று சொல்லித்தான் நீலாவதியைக் கல்யாணம் செய்து கூட்டிவந்தார். மாற்றல் வரவில்லை. பிள்ளையும் பிறக்கவில்லை. வந்தது நீலாவதிக்கு இளைப்பு மட்டும்தான். குளிர்காலத்தில் அடுப்புப் புகை தெருவோடு படுத்துக்கொள்ளும். நீலாவதி ஜன்னலை அடைத்துக்கொண்டு, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சோடு மல்லுக்கட்டுவாள்.

அலுவலகத்தில் அவருக்கு ‘மதராஸி பாபு’ என்று பெயர். இருபது வருடம் ஒரே நாற்காலி. அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்களெல்லாம் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. கேட்டால் ‘அந்த ஃபைல் எங்கே’ என்று கேட்பார்கள். ஊரில் ஒருத்தர்கூடத் தன்னிடம் யோசனை கேட்காமல் ஒரு மனுஷன் இருபது வருடம் இருந்தால் அவன் என்ன ஆவான் என்பது, அப்படி இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

தொண்ணூற்றெட்டில் அந்த அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மற்றவர்கள் தொடப் பயந்து தள்ளி நின்றபோது சுந்தரம் தொட்டார். தொட்டதும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. மறு வருடமே சாந்தினி மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, போர்டு ஓரிடத்தில், ஹார்ட் டிஸ்க் ஓரிடத்தில், மூலை நசுங்கிய கேபினெட் ஓரிடத்தில் என்று வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டினார். கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சிடியில் லினக்ஸ் என்ற இயங்குதளம் இருந்தது. அதை ஏற்றி முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரே ஒரு வரி எழுந்து, கட்டளைக்குக் காத்து நின்றது.

“இதுக்கா மூணு வாரமா குளிக்காம கொள்ளாம உக்காந்திருந்தீங்க? படம் ஒண்ணும் வரலியே!” என்றாள் நீலாவதி.

“படம் எதுக்கு நீலா? நாம சொன்னா இது கேக்கும்.”

“அப்பச் சரி. நீங்க சொல்லிக் கேக்கறதுக்கும் ஒரு ஆளு வேணும்ல.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

கல்கத்தாவில் லினக்ஸ் பிடித்து அலைகிறவர்கள் ஒரு மின்னஞ்சல் குழு வைத்திருந்தார்கள். ஒருவர் எழுதினால் நூற்றைம்பது பேருக்குப் போகும். ஒருவருக்கு மோடம் ஓடவில்லை, இன்னொருவருக்கு பிரிண்டர் மூச்சுவிடவில்லை என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். சுந்தரம் தட்டுத்தடுமாறி ஒரு கேள்விக்குப் பதில் எழுதினார். அது சரியாக இருந்தது. “நன்றி, சுந்தர்தா” என்று பதில் வந்தது. தா என்றால் அண்ணன். அந்த ஒரு எழுத்தைப் பார்த்துவிட்டு மனுஷர் அன்றைக்கு வெறும் ரசத்தை இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டார். குழுவை நடத்தியவர் பார்த்தசாரதி கோஷ் என்ற கல்லூரி வாத்தியார். பெயரைப் பார்த்துத் தமிழ் ஆள் என்று நினைத்து சுந்தரம் அவருக்குத் தமிழ்நாட்டில் எந்த ஊர் என்று விசாரித்து எழுதப்போக, அவர் அதை மாதாந்திரக் கூட்டத்தில் வாசித்துக்காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தார். அப்படித்தான் அவர்கள் நண்பர்கள் ஆனார்கள்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. வங்காளிகளின் வருடப் பிறப்பான பொய்லா பொய்ஷாக் அன்று கடைக்காரர்கள் பூஜை போட்டுப் புதுக் கணக்குப் புத்தகம் திறப்பார்கள். அதற்கு ஹால்காதா என்று பெயர். குழுவினர் அந்தப் பெயரை விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். அன்று ஒவ்வொருவரும் தங்கள் கம்ப்யூட்டரைப் பற்றி வரி வரியாக எழுதி அனுப்ப வேண்டும்: என்ன பிராசஸர், எவ்வளவு ராம், எந்த லினக்ஸ், திரையை எப்படி அலங்கரித்திருக்கிறார்கள், எல்லாம். கடைசி வரியில், மிஷினை அணைக்காமல் எத்தனை நாளாகத் தொடர்ந்து ஓட்டுகிறார்கள் என்ற எண். இதற்கு ‘அப்டைம்’ என்று பெயர். மற்ற வரிகளை யாரும் காசு கொடுத்து வாங்கிவிடலாம். கடைசி வரியை வாங்க முடியாது. மின்வெட்டும் புயலும் உள்ள ஊரில் வீட்டுக் கம்ப்யூட்டர் நாற்பது நாள் ஓடினாலே பெரிய விஷயம். பார்த்தசாரதியின் மிஷின் தொண்ணூற்றொரு நாள் ஓடியதைப் பற்றிக் குழுவில் ஒரு வாரம் பேசினார்கள்.

இரண்டாயிரத்து ஒன்றில் நீலாவதிக்கு இளைப்பு முற்றி, டாக்டர் வீட்டிலேயே ஒரு நெபுலைசர் வைத்துக்கொள்ளச் சொன்னார். முகத்தில் கப் மாட்டிக்கொண்டால் மருந்தை ஆவியாக ஊதும் கருவி. அவள் அதை ‘மூச்சு மிஷின்’ என்பாள். பத்து நிமிடம் ஊதினால் நெஞ்சு இளகிவிடும். பையில் வைத்துக்கொள்ளும் பம்ப் பெரிய இளைப்புக்குக் கேட்காது, கரண்ட் இல்லாத நேரத்துக்கு இன்வெர்ட்டர் வாங்கிவிடுங்கள் என்றார் டாக்டர். சுந்தரம் அன்றே வாங்கினார். அதில் குறை சொல்லக் கூடாது. நூற்றைம்பது ஏ.எச். கொள்ளளவு கொண்ட பேட்டரியை இரண்டு கூலிக்காரர்கள் மாடிக்குத் தூக்கிவந்தார்கள். நீலாவதி அதற்குக் குங்குமம் வைத்தாள்.

ஒரு வருடம் அது நீலாவதிக்கும் ஒரு ஃபேனுக்கும் மட்டுமே உழைத்தது. அப்புறம் கம்ப்யூட்டரின் வயரும் அதே பலகைக்குப் போனது. “மானிட்டரை அணைச்சுட்டா ரொம்பக் கொஞ்சம்தான் இழுக்கும் நீலா, ஒரு குண்டு பல்பு மாதிரி,” என்றார். உண்மைதான். ஒரு குண்டு பல்பை வருடம் முழுக்க எரியவிட வேண்டியது என்ன அவசியம் என்று அவள் கேட்கவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து மூன்று பொய்லா பொய்ஷாக் அன்று சுந்தரம் புதிதாக டெபியன் என்ற லினக்ஸை ஏற்றி, மிஷினைக் கிளப்பினார். அடுத்த பொய்லா பொய்ஷாக் வரை, முந்நூற்று அறுபத்தைந்து நாள், அணைக்கவே போவதில்லை என்று குழுவில் எழுதியும் விட்டார். “சுந்தர்தா, முடியுமா?” என்றார்கள். முடியும் என்றார். கை தவறிப் பட்டுவிடக் கூடாது என்று அணைக்கும் பொத்தான் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்து டேப் ஒட்டினார். ஆயுத பூஜைக்கு ஊரே மிஷினை நிறுத்திப் பொட்டு வைத்தது. நீலாவதி ஓடிக்கொண்டிருந்த மிஷினுக்குச் சந்தனம் வைத்தாள்.

அவளும் எண்ண ஆரம்பித்துவிட்டாள், அதுதான் கொடுமை. லேக் மார்க்கெட் தமிழ்க் கடையில் வாங்கிய தினசரிக் காலண்டரில் காலையில் தாளைக் கிழிக்கும்போது, “இன்னிக்கு இருநூத்திப் பதினொண்ணு,” என்பாள். முந்நூறு ஆனபோது பால் பாயசம் வைத்தாள். குழுவில் இப்போது நகரத்தின் மறுகோடியிலிருந்தெல்லாம் ஆட்கள் சுந்தர்தாவிடம் யோசனை கேட்டார்கள். பேட்டரி என்ன அளவு, வயர் எப்படி இழுத்தீர்கள் என்று. அவர் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று நீலாவதி இரண்டு முறை நினைவுபடுத்தினாள். “ஊத்திடலாம், ஊத்திடலாம்,” என்றார்.

முந்நூற்று அறுபத்திரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்குக் காலபைசாகி அடித்தது. சித்திரைக்கு முன்னால் அந்த ஊரைத் தூக்கிப் போடும் கோடைப் புயல். தெருமுனையில் அரசமரம் மின்கம்பிகள் மேலேயே சாய்ந்தது. தெரு முழுக்க இருட்டானது. சுந்தரம் முதலில் பார்த்தது மிஷினைத்தான். பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. “ஓடுது!” என்று கத்தினார். புழுதியில் நீலாவதிக்கு இழுப்பு கண்டது. மூச்சு மிஷினைப் போட்டுக்கொண்டாள், அடங்கியது. பேட்டரிக்குச் சுமை வேண்டாம் என்று அவர் ஃபேனை நிறுத்தினார். அவள் விசிறியால் வீசிக்கொண்டாள்.

காலையிலும் கரண்ட் வரவில்லை. சாய்ந்த மரத்தை அறுக்க ஆள் வந்திருப்பதாகக் கீழ்வீட்டு மித்ரா மாஷிமா சொன்னாள். மாஷிமா என்றால் சித்தி மாதிரி. அறுபது தாண்டிய விதவை. நீலாவதிக்கு அந்த ஊரில் இருந்த ஒரே தோழி. சுந்தரம் ஒரு தாளில் கணக்குப் போட்டார். இவ்வளவு ஏ.எச்., இவ்வளவு வாட், ஆக சாயங்காலம் ஆறு வரை தாங்கும், நடுவில் நீலாவதி ஒரு தடவை ஊதிக்கொண்டாலும் தாங்கும். கணக்கு சரி. புது பேட்டரிக்கு. இது மூன்று வருடம் பழையது, தண்ணீர் வற்றியது.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது நீலாவதி கேட்டாள்: “ஏங்க, கரண்ட் வர்ற வரைக்கும் அத அணைச்சு வைச்சா என்ன? நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு.”

“அணைச்சா மறுபடி பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்கும், நீலா. இன்னும் ரெண்டே நாள். ஆறு மணி வரைக்கும் தாங்கும், கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்.”

“தாங்கும்னா சரி.”

“வேணும்னா நான் லீவு போட்டு இருக்கட்டுமா?”

“எதுக்கு? எனக்கென்ன, கெழவியா? போயிட்டு வாங்க. இன்னிக்கு முந்நூத்தி அறுவத்து மூணு,” என்று காலண்டர் தாளைக் கிழித்தாள்.

மூன்று மணிக்கு அலுவலகத்தில் ஃபோன் வந்தது. “சுந்தர்பாபு, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு வாங்க. நீலா விழுந்துகிடந்தா,” என்று மித்ரா மாஷிமா அழுதுகொண்டே சொன்னாள். ஊறுகாய் கொடுக்க மாடி ஏறி வந்திருக்கிறாள். நீலாவதி முகத்தில் கப்பை மாட்டியபடி தரையில் கிடந்திருக்கிறாள். மூச்சு மிஷினின் ஸ்விட்ச் போட்டிருந்தது, மிஷின் ஓடவில்லை. மாஷிமா தெருவில் நின்று அலறி, மரம் அறுத்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் தூக்கி டாக்ஸியில் ஏற்றினார்களாம்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். மயக்கம் தெளியவில்லை. மாற்றுத்துணி கொண்டுவரச் சொன்னார்கள். சுந்தரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது, தெருவில் கரண்ட் வந்திருந்தது. மாடிப்படியில் ஏறும்போதே ஏதோ உறுமும் சத்தம். கதவைத் திறந்தார். அவள் போட்டுவைத்த ஸ்விட்ச் போட்டபடியே இருந்ததால், கரண்ட் வந்ததும் மூச்சு மிஷின் தானாகக் கிளம்பி, தரையில் கிடந்து யாருமில்லாத அறையில் ஊதிக்கொண்டிருந்தது. மேஜையடியில் அணைந்துபோயிருந்த கம்ப்யூட்டரும் தானாகவே எழுந்து, பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கி, பச்சை விளக்கைக் காட்டியது. சுந்தரம் மூச்சு மிஷினை மட்டும் அணைத்தார். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். பாவிப் பயல், நான் பாவிப் பயல் என்று தலையில் அடித்துக்கொண்டார். துணி எடுக்க வந்ததே மறந்துபோய், மாஷிமா வந்து எடுத்துக்கொடுத்தாள்.

மறுநாள் தமிழ் வருடப் பிறப்பு. மத்தியானம் நீலாவதி கண் விழித்தாள். உதடு வறண்டிருந்தது. சுந்தரம் பஞ்சில் தண்ணீர் நனைத்து வைத்தார்.

“நாளைக்கு ஒரு வருசம் ஆகுதுல்ல?” என்றாள்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“ஓடுதாங்க?”

“ஓடுது,” என்றார் சுந்தரம். இருபது வருடத்தில் அவளிடம் சொன்ன முதல் பொய்.

அவள் முகம் மலர்ந்தது. “நல்லவேளை. அந்த இன்வெர்ட்டர் பெட்டி கீ கீன்னு கத்த ஆரம்பிச்சுது. அரைமணி நேரம் கத்துச்சு. கம்ப்யூட்டர அணைச்சுரலாமான்னு பக்கத்துல போனேங்க. அந்த மூடியக்கூடத் தொட்டேன். அப்புறம், ரெண்டு நாளுக்காக எதுக்கு, அதுக்குள்ள கரண்ட் வந்துரும்னு…” மூச்சு வாங்கியது. “நான் கை வைக்கல.”

“பேசாத நீலா. பேசாத, தாயி.”

“உங்க ஆளுங்ககிட்டச் சொல்லுங்க. பாயசம்தான் இந்தத் தடவை வைக்க முடியல.”

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மறுநாள் காலையில், பவானிபூர்க் கடைகளில் மாவிலைத் தோரணம் கட்டிச் சங்கு ஊதிய நேரத்தில், போய்விட்டாள். முந்நூற்று அறுபத்தைந்தாம் நாள்.

பார்த்தசாரதி வந்தார், குழுவிலிருந்து பத்துப் பேர் வந்தார்கள். கியோடாதலா சுடுகாட்டில் பாடை மூங்கில் பிடித்தார்கள். எப்படி நடந்தது என்று கேட்டார்கள். இளைப்பு என்றார் சுந்தரம். மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. சாத்தூரிலிருந்து நீலாவதியின் அண்ணன் வந்து, பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு, ஊருக்கு வந்துவிடுங்க மாப்பிள்ளை என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு ரயில் ஏறினார்.

அவர் போன மறுநாள் சுந்தரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வேறு எங்கே உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஹால்காதா எழுதாதது நினைவுக்கு வந்தது. போன வருடத்துக் கடிதத்தை எடுத்து, அதையே வரி வரியாகத் திருத்தினார். பிராசஸர், பென்டியம் மூன்று. ராம், இருநூற்று ஐம்பத்தாறு. லினக்ஸ், டெபியன். மின்சாரம், இன்வெர்ட்டர், நூற்றைம்பது ஏ.எச். பேட்டரி. அப்டைம், பதினெட்டு நாள். அனுப்பினார். ஏன் அனுப்பினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அந்த மனுஷருக்கு உலகத்தோடு பேச அந்த ஒரு பாஷைதான் தெரியும், வேறென்ன.

விஷயம் தெரிந்தவர்கள் யாரும் பதில் எழுதவில்லை. குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு பெண், ராஜர்ஹாட் பக்கம் எங்கோ புது வீட்டில் குடியேறியவள், அக்ஷரா என்று பெயர், ஒன்றும் தெரியாமல் எழுதினாள்: “அருமையான செட்டப், சுந்தர்தா! எங்கள் வீட்டிலும் இதே அளவு பேட்டரிதான் வாங்கப்போகிறோம். கரண்ட் போனால் உங்கள் பேட்டரி நிஜமாக எத்தனை மணி நேரம் தாங்கும்?”

சுந்தரம் அந்தக் கேள்வியை இரண்டு தடவை படித்தார். அதற்குப் பதில் மிஷினிலேயே இருந்தது. லினக்ஸ் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை, நான் விழித்துத்தான் இருக்கிறேன் என்று தன் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவைக்கும். இத்தனை நாளாக அவர் அதைத் திறக்கவில்லை. இப்போது திறந்தார். அந்தத் திங்கட்கிழமைக்குப் போனார். காலை முழுக்க வரிகள் ஒழுங்காக இருந்தன. பன்னிரண்டு, பன்னிரண்டு இருபது, பன்னிரண்டு நாற்பது. ஒன்று, ஒன்று இருபது, ஒன்று நாற்பது. இரண்டு மணிக்கு ஒரு வரி. இரண்டு இருபதுக்கு இல்லை. அடுத்த வரி மாலை ஐந்தே காலுக்கு, கரண்ட் வந்து புதிதாக எழுந்தபோது எழுதியது. இரண்டு மணிக்கு மிஷின் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. மாஷிமா மாடி ஏறியது இரண்டரைக்கு.

கேட்டவர்களுக்குப் பதில் எழுதாமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லை. எழுதினார்.

“இருபது மணி நேரம் தாங்கும். சோதித்துப் பார்த்தாகிவிட்டது. கம்ப்யூட்டரை அணைத்திருந்தால் அதற்கு மேல் பத்து நிமிடம் என் மனைவிக்குக் கிடைத்திருக்கும். அவளுக்குப் பத்து நிமிடம்தான் வேண்டியிருந்தது. பேட்டரி அவளுடையது. போன வருடக் கடிதத்திலும் இந்த வருடக் கடிதத்திலும் அதை எழுத விட்டுப்போயிற்று.”

அனுப்பிவிட்டு, குனிந்து, டேப்பை நகத்தால் கீறி அந்த பிளாஸ்டிக் மூடியைப் பிய்த்தெடுத்தார். பொத்தானை அழுத்தினார்.